டெராபைட் சார்

ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு செயலாளர், ஒரு பொருளாளர், ஒரு டெராபைட் சார் உண்டு. முதல் இரண்டு பதவிக்கும் ஆள் பிடிப்பதற்குள் பொதுக்குழுவுக்கு மூச்சு வாங்கிவிடும். மூன்றாவது பதவிக்கு ஆள் தானாகவே வந்து சேர்ந்துவிடுவார். யார் வீட்டுக் கம்ப்யூட்டராவது வழக்கத்துக்கு மேல் யோசித்தால் போதும். "ஹார்டு டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வருதாமே?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். செய்தி அவருக்கு எப்படிப் போனது என்பது வாட்ச்மேனுக்கே வெளிச்சம்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஒரு காலத்தில் ஏதோ ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருக்கும். அதன் முனை நட்சத்திர வடிவம். ஹார்டு டிஸ்க்கின் மூடியைக் கழற்றுவதற்கென்றே ஆனது. ஆனால் வீட்டில் வைத்து மூடியைக் கழற்றினால் டிஸ்க்கின் கதை முடிந்தது என்பதையும் அவரேதான் சொல்வார். "உள்ள தட்டு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது சார். செகண்டுக்கு 120. அதுக்கு மேல ஹெட்டு சில நானோமீட்டர் உயரத்துல பறக்குது. ஒரு தூசி போச்சுன்னா அவ்ளோதான்!" அப்படியானால் அந்த ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவர் மனம் நோகும்.

இரண்டாம் மாடியில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது ஒரே ஒரு வரிதான்: "டெஸ்க்டாப்புக்கு ரெண்டு டிபில நம்பகமா ஒரு டிஸ்க் சொல்லுங்க சார், பேரன் பேத்தி போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு."

பதில் 1956-ல் தொடங்கும்.

"அந்த வருஷந்தான் ஐபிஎம் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டான். அம்பது தட்டு. ஒவ்வொண்ணும் ரெண்டடி அகலம். எடை ஒரு டன். மொத்தம் எவ்ளோ கொள்ளும், சொல்லுங்க பாப்போம்?"

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டே பழகியவர் ஹெட்மாஸ்டர். முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்து விழிப்பார்.

"அஞ்சு எம்பி! உங்க பேரன் போட்டோ ஒண்ணு போட்டா டிஸ்க் ஃபுல்லு!"

அடுத்தது பூர்வீகம். பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளை வழியை ஏழு தலைமுறைக்குத் துருவுவார்களே, அதில் இம்மியும் குறையாத விசாரணை அது. ஒரு காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஹார்டு டிஸ்க் செய்தன. ஐபிஎம் தன் டிஸ்க் வியாபாரத்தை 2003-ல் ஹிட்டாச்சியிடம் ஒப்படைத்தது. ஹிட்டாச்சியின் அந்தப் பிரிவு 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. குவாண்டத்தின் டிஸ்க் பிரிவை 2001-ல் மேக்ஸ்டர் வாங்கியது; அந்த மேக்ஸ்டரையே 2006-ல் சீகேட் வாங்கியது; 2011-ல் சாம்சங்கின் டிஸ்க் பிரிவையும் வாங்கிப் போட்டது. ஃபுஜிட்சுவின் பிரிவு 2009-ல் தோஷிபாவுக்கு. ஆக, உலகத்தில் மிச்சம் மூன்றே மூன்று வீடு.

"மூணுல எது சார் நல்ல வீடு?" என்று ஹெட்மாஸ்டர் அவசரப்படுவார்.

அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு வீட்டிலும் நடந்த விவகாரம் டெராபைட் சாருக்கு மனப்பாடம். 2000-ல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75 ஜிஎக்ஸ்பி வரிசையாக மண்டையைப் போட, ஜனங்கள் அதற்கு டெத்ஸ்டார் என்றே பெயர் வைத்து, விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. 2009-ல் சீகேட்டின் ஒரு பாரகுடா வரிசையில் ஃபர்ம்வேர் கோளாறு: தட்டு நன்றாக இருக்கும், தகவல் பத்திரமாக இருக்கும், டிஸ்க் மட்டும் கண்ணைத் திறக்காது. அதே கம்பெனியின் 3 டிபி டிஸ்க் ஒன்றின் மேல் 2016-ல் அமெரிக்காவில் வழக்கு. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், டிஸ்க்குக்குள் எழுதும் முறையை மாற்றியதை வாங்குகிறவர்களிடம் சொல்லாமல் விட்டது அம்பலமானது. கிளறிப் பார்த்தால் மற்ற இரண்டு வீட்டிலும் அதே கதை.

"தோஷிபா?"

"அந்த ஒண்ணைத் தவிர அதைப் பத்திப் பெரிசா வேற எதுவும் கேள்விப்படல சார்" என்று குரலைத் தாழ்த்துவார். "அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

பிறகு வண்ண சாஸ்திரம். வெஸ்டர்ன் டிஜிட்டலில் நீலம் வீட்டு டெஸ்க்டாப்புக்கு, வாரண்டி இரண்டு வருஷம். கறுப்பு வேகத்துக்கு, வாரண்டி ஐந்து வருஷம். சிவப்பு, நெட்வொர்க்கில் பொதுவாக வைக்கும் நாஸ் பெட்டிக்கு. ஊதா சிசிடிவிக்கு. தங்கம் பெரிய கம்பெனிகளின் சர்வருக்கு.

"பச்சை கிடைக்குமான்னு கேளுங்கோ. நம்மாத்துக்குப் பச்சைதான் ராசி" என்று சமையலறையிலிருந்து மாமியின் குரல் வரும்.

"பச்சையை 2015-லயே நீலத்தோட சேத்துட்டாங்க மாமி" என்பார் டெராபைட் சார், நெருங்கிய உறவினர் போனதைச் சொல்லும் முகத்தோடு. அதற்குள் காபி வந்துவிடும். இத்தனை ஆலோசனைக்கும் அவர் வாங்கிக்கொள்ளும் ஒரே ஃபீஸ் அதுதான்.

காபி உள்ளே போனதும் எண்கள் வெளியே வரும். விவரத்தாளில் பத்து லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பான் என்று அவர் சொல்ல, ஹெட்மாஸ்டர் மனக்கணக்கில் வகுத்துப் பார்ப்பார். "114 வருஷம் வருதே! என் பேரனோட பேரன் வரைக்கும் ஓடுமா?"

"அப்படி இல்ல சார். 114 டிஸ்க்கை ஒண்ணா ஓட்டினா வருஷத்துக்கு ஒண்ணு போகும்னு அர்த்தம்."

"நான் வாங்கப்போறது ஒண்ணுதானே? அது போற அந்த ஒண்ணா, மீதி இருக்கற 113-ல ஒண்ணா?"

அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். உலகத்தில் யாருக்கும் அதற்குப் பதில் தெரியாது. டெராபைட் சாருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. அதனால் அமெரிக்காவுக்குப் போய்விடுவார். 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லட்சம் டிஸ்க்குகளின் கணக்கைப் பார்த்தபோது, விவரத்தாள் சொன்னதைவிடப் பல மடங்கு அதிகமாக, வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை மாற்ற வேண்டியிருந்தது. பேக்பிளேஸ் என்ற கம்பெனி லட்சக்கணக்கில் டிஸ்க் ஓட்டி, எந்த மாடல் எத்தனை போனது என்று 2013-லிருந்து கணக்கை வெளியிட்டு வருகிறது. அங்கே இப்போது வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. அந்த அட்டவணையில் எது நல்ல பேர் வாங்கியிருக்கிறது என்று டெராபைட் சாருக்கு வரிசையாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை சர்வர் டிஸ்க்குகள் என்பதும், ஹெட்மாஸ்டருக்கு வேண்டிய இரண்டு டிபியை அங்கே தேட வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குச் சின்ன விஷயம்.

மறுநாள் காலை இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவார்கள். அண்ணா சாலையிலிருந்து திரும்பியதும், "என்னா சார் பாக்கறீங்க, லேப்டாப்பா, சிசிடிவியா?" என்று நாலு பேர் வழிமறிப்பார்கள். டெராபைட் சார் யாருக்கும் முகம் கொடுக்காமல் நரசிங்கபுரம் தெருப் பக்கமாக ஒரு கடையில் போய் நிற்பார். அந்தக் கடைப்பையனுக்கு அவரை நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். தனக்கென்று ஒரு கேபிள்கூட வாங்காதவர்.

"ஊதா எடுத்துக்கோங்க சார், ஸ்டாக் இருக்கு. இருபத்திநாலு மணி நேரமும் ஓடும்."

"அது ராப்பகலா வீடியோ எழுதறதுக்குப் பழக்கினது தம்பி. இவர் வீட்ல என்ன திருடனையா படம் பிடிக்கப் போறார்? நீலத்தை எடு."

பையன் வெள்ளி நிற உறைக்குள் இருக்கும் டிஸ்க்கை எடுத்து வைப்பான். டெராபைட் சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிஸ்க்கை முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஸ்டிக்கரைப் படிப்பார். தயாரித்த நாள். தாய்லாந்து. (2011 வெள்ளத்தில் அங்கே ஃபேக்டரிக்குள் தண்ணீர் புகுந்து உலகம் முழுக்க விலை தாறுமாறாக ஏறிய கதை இந்த இடத்தில் ஒருமுறை வரும்.) பிறகு மாடல் நம்பரின் கடைசி எழுத்துகள். ஹெட்மாஸ்டருக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். டெராபைட் சாருக்கோ அதில்தான் எஸ்எம்ஆரா, சிஎம்ஆரா என்ற ரகசியம் இருக்கிறது. சிஎம்ஆர் என்றால் தடங்கள் தனித்தனியாக இருக்கும்; எஸ்எம்ஆர் என்றால் தடங்களின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். எழுதிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிற போட்டோவுக்கு அதனால் பெரிய குடி முழுகிவிடாது. இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"பேசாம எஸ்எஸ்டி போட்டுக்கலாமே சார்?" என்பான் பையன்.

"விண்டோஸுக்கு எஸ்எஸ்டி சரி. ஹார்டு டிஸ்க்காவது போறதுக்கு முன்னால பல நேரம் ரெண்டு சத்தம் போட்டுட்டுப் போகும். எஸ்எஸ்டி ராத்திரி தூங்கினா காலைல எழுந்திருக்காது."

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் ரெண்டு வாடிக்கையாளர் காத்திருந்து பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போயிருப்பார்கள். பையன் பெருமூச்சு விடுவான். "சார், நான் ஒண்ணு சொல்லட்டா? எந்தக் கம்பெனி வேணா எடுங்க. எந்தக் கலர் வேணா எடுங்க. ரெண்டா எடுங்க. ஒண்ணை உள்ள மாட்டுங்க. இன்னொண்ணுல காப்பி போட்டு பீரோல வெச்சிடுங்க."

கார்னகி மெலன், பேக்பிளேஸ் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் கடைசியில் வந்து நிற்பது அந்தப் பையன் சொன்ன இடத்தில்தான். டெராபைட் சார் ஹெட்மாஸ்டரின் முழங்கையை மெதுவாக இடிப்பார். "பாத்தீங்களா? ஒண்ணு வாங்க வந்தவர் தலைல ரெண்டைக் கட்டப் பாக்கறான்!" பெரிய நஷ்டத்திலிருந்து தப்பிய நிம்மதியில் ஹெட்மாஸ்டர் ஒன்றுக்குப் பணத்தை எண்ணிக் கொடுப்பார்.

இவ்வளவு சொன்னாலும் மனிதர் கெட்டிக்காரர். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்க மாட்டார். அங்கேயே நின்று கம்பெனி இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பார்த்துவிடுவார். வீட்டுக்கு வந்து கேபினட்டைத் திறந்து, தூசியை ஊதி, நாலு ஸ்க்ரூவும் ஆடாமல் இறுக்கி, பழைய சாட்டா கேபிளைத் தூக்கிப் போட்டுப் புதிதாக மாட்டுவார். இந்தக் குடியிருப்பில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட டிஸ்க்குகளில் பலவற்றை, கேபிளைக் கழற்றி மாட்டியே அவர் எழுப்பியிருக்கிறார். அதைப் பற்றி மட்டும் பெருமை பேச மாட்டார். அதில் ஆராய்ச்சி ஒன்றும் இல்லையே!

திரையில் 1.81 என்று வரும். "ரெண்டுக்குக் காசு குடுத்தோமே, மீதி எங்க?" என்று ஹெட்மாஸ்டர் பதறுவார். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறான், விண்டோஸ் 1024, 1024-ஆக வகுக்கிறது, யாரும் திருடவில்லை என்று விளக்கம். அப்புறம் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் மென்பொருளைத் திறப்பார். நீலத்தில் 'குட்' என்று வந்ததும், "இனி நிம்மதியாத் தூங்குங்க சார்!" என்பார். பேட் செக்டார் தலைகாட்டினால் டிஸ்க் சீக்கிரம் போவதற்கு வாய்ப்பு பல மடங்கு என்று கூகுள் 2007-ல் கண்டுபிடித்ததைச் சொல்வார். போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நாலு எச்சரிக்கையில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயின என்று அதே அறிக்கையில் இருப்பதை, நேரமாகிவிட்டதால் சொல்ல மாட்டார்.

சில மாதங்களில் அந்த டிஸ்க்கும் போகும். எல்லாருக்கும் போவதில்லை, ஹெட்மாஸ்டர் கேட்டாரே, அந்த ஒன்றாக அமைந்தவருக்குப் போகும். போனில் சொன்னதும் டெராபைட் சார் உள்ளே என்ன இருந்தது என்று கேட்க மாட்டார். "பில் இருக்கா?" என்பார். மாமி மட்டும் தன் போக்கில் நாத்தனாருக்கும் மருமகளுக்கும் போன் போட்டு, தான் அவ்வப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பேரன் படங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். பாதிக்கு மேல் வந்துவிடும், கொஞ்சம் மங்கலாக.

சர்வீஸ் சென்டருக்கு டிஸ்க்கை எடுத்துப் போவது, டோக்கன் வாங்குவது, பிறகு போய் வாங்கி வருவது எல்லாம் டெராபைட் சார்தான். ஒரு பைசா செலவில்லாமல் மாற்று டிஸ்க் வந்துவிடும். நாலு ஸ்க்ரூவையும் அவரே முடுக்கி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"பாத்தீங்களா சார், கேள்வி கேக்காம மாத்திக் குடுத்துட்டான். நம்பகமான கம்பெனின்னு நான் அன்னிக்கே சொன்னேன்!"

"உள்ள ஒண்ணுமே இல்லையே சார்?" என்பார் ஹெட்மாஸ்டர்.

"பின்ன? முழுசா 1.81 டெராபைட்டும் உங்களுக்குத்தான்!"