நான் வாயிலார் கட்சி

பயப்படுவதில் எனக்கு அனுபவம் உண்டு. பயத்துக்குச் சுற்றுவழி கண்டுபிடிப்பதில் புலமையே உண்டு. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் கால் வைக்காமல் உஸ்மான் ரோடு போய்ச் சேர எத்தனை சந்து உண்டோ அத்தனையும் எனக்கு அத்துப்படி. 2023-இல் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். கூட்டத்தின் தலைக்கு மேலேயே போய்விடலாம்! அரசாங்கம் என்னை நினைத்துத்தான் கட்டியிருக்கிறது என்று நெகிழ்ந்து ஏறினேன். பாதியில்தான் எனக்கு உயரமும் ஆகாது என்பது ஞாபகம் வந்தது.

இப்படிப்பட்டவன் குடியிருப்பது மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்தில். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் நாயன்மார்கள் அறுபத்துமூவர் உலா. அன்று மத்தியானத்துக்கு மேல் லட்சக்கணக்கில் ஜனம். கால் வைக்க இடம் இருக்காது. வைத்தாலும் அது நம் கால்தானா என்பது நிச்சயமில்லை. நான் அன்று விடிந்ததுமே அடையாறு சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். என்னைப்போல் பாசக்காரப் பிள்ளை கிடையாது என்பது சித்தப்பாவின் கட்சி.

என் தரப்புக்குப் புராண ஆதாரமும் வைத்திருந்தேன். அறுபத்துமூவரில் வாயிலார் நாயனார் எங்கள் ஊர்க்காரர். மனசுக்குள்ளேயே கோயில் கட்டி, உள்ளேயே விளக்கேற்றி, நீராட்டி, அமுதும் படைத்தவர் என்கிறது பெரியபுராணம். தள்ளுமுள்ளு கிடையாது, செருப்புத் தொலையாது. மற்றவர்களைப் பாருங்கள். கண்ணப்பர் தன் கண்ணையே தோண்டினார். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், அவர் அசரவில்லை. பின்விளைவை யோசித்துக் காரியம் செய்யும் பழக்கம் இவர்களிடம் அறவே இல்லை. என் போன்றவர்களுக்கு வாயிலாரை விட்டால் வேறு கதி ஏது?

ஆனாலும் ஓர் உறுத்தல். அப்பா இருந்தவரை அறுபத்துமூவர் அன்று எங்கள் வாசலில் நீர்மோர் உண்டு. வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் ஊற்றுவார். நம் வாசலைத் தாண்டி ஒருவன் தாகத்தோடு போகக் கூடாது என்பது அவருக்குக் கொள்கை. அவர் போனதும் அண்டா பரணுக்குப் போய்விட்டது. இறக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். இந்தப் படபடப்பு கொஞ்சம் அடங்கட்டும், அடுத்த பங்குனிக்குப் பார்க்கலாம் என்றிருந்தேன். பங்குனிகள் வந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற ஓர் அமெரிக்க உளவியல் பேராசிரியரைப் பற்றிப் படித்தேன். பேராசிரியர்கள் ஒருவரையொருவர் குதறிக்கொண்டிருந்த ஒரு துறைக் கூட்டத்தில் பேச வாயைத் திறந்தாராம்; சத்தமே வரவில்லை. அப்படித் தொடங்கிய பீதி அவரை ஆட்டிவைத்திருக்கிறது. 1980-களில் அவர் உருவாக்கத் தொடங்கிய சிகிச்சை முறைக்கு இன்று 'ஆக்ட்' என்று பெயர். பயத்தை ஒழித்துவிட்டு வாழலாம் என்று காத்திருக்காதே, உனக்கு எது முக்கியமோ அதைச் செய், பயம் வந்தால் கூட வரட்டும் என்பது அதன் சாரம். படித்ததும் எனக்குக் கீழ்ப்போர்ஷன் குடித்தனக்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் காலி செய்தால்தான் வீட்டுக்கு வெள்ளையடிப்பேன் என்று உட்கார்ந்தால் கேஸ் முடியும்போது சுவரே இருக்காது.

இதை அம்மாவிடம் ஒப்பிக்கவில்லை. அமெரிக்காக்காரனெல்லாம் அவளுக்கு எடுபடாது. அண்டாவை இறக்காமலிருப்பதற்கு வாயிலாரை மட்டும் சாட்சிக்கு இழுத்தேன்.

"அவர் மனசுக்குள்ள கோயில் கட்டினார், சரி. நீ மனசுக்குள்ள மோர் ஊத்தினா எவன்டா குடிப்பான்?" என்றாள் அம்மா. "அதுவும் போக, அந்த வாயிலாரையே அன்னிக்குப் பல்லக்குல ஏத்தி அதே கூட்டத்துக்குள்ளதான் கொண்டு வரா. அவரே பேசாம வரார், உனக்கென்ன?"

வாயிலாருக்கும் விலக்கு இல்லை என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

அண்டா இறங்கியது. சித்தப்பாவுக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். உடம்புக்கு என்ன என்று பதறினார். நாலு மணிக்கெல்லாம் வாசலில் கூட்டம் நெருக்க, வயிறு கலங்கியது, உள்ளங்கை வேர்த்தது, காது அடைத்தது. ஒன்றும் குறையவில்லை. கை நடுங்கியதில் ஒரு லாபம்: பெருங்காயம் அடியில் தங்காமல் நன்றாகக் கலந்தது. வாங்கியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார்கள். இத்தனை வருஷம் யாருக்காகப் பயந்தேன் என்பது விளங்கவில்லை.

பல்லக்குகள் வந்தன. இதில் வாயிலார் யார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு பாட்டி டம்ளரை நீட்டினாள்.

"தம்பி, உப்பு கம்மி."

வீட்டில் உப்பு தீர்ந்திருந்தது. கடை எதிர்ச் சாரியில், நடுவில் அத்தனை ஜனம். எனக்குள்ளே இருந்த பழைய ஆள், "அப்புறம் பார்த்துக்கலாமே" என்றான். அவனையும் இழுத்துக்கொண்டு இறங்கினேன். போகும்போதும் படபடப்பு, வரும்போதும் படபடப்பு. ஒரு செருப்பு போயிற்று. உப்பு வந்து சேர்ந்தது.

பாட்டி இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "இப்ப கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.