கறுப்பு டேப்பின் பெருமை

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வாசலில் இரவு ஷிப்ட் ஆட்களுக்குப் பசியாற்றுவது வேன் கடைகள்தான். பின்கதவைத் தூக்கி நிறுத்தினால் கடை தயார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒரு வயர் வரும். விளக்கு, மிக்ஸி, சின்ன பிரிட்ஜ் எல்லாம் அதில்தான் ஓடும். அந்த வயரில் நாலு ஜாயிண்ட் என்றால் நாலிலும் கறுப்பு டேப்.

அந்த டேப்பை மனதாரப் புகழ்கிறேன். டீ விலைக்குக் கிடைக்கும் சுருள். உலர்ந்த இடத்தில், நன்றாக முறுக்கிய செம்பின்மேல், பாதிமேல் பாதி ஏறும்படி இழுத்துச் சுற்றினால் வருஷக்கணக்கில் காவல் நிற்கும். நாம் கொடுத்திருக்கும் வேலை அதுவல்ல. சித்திரை வெயிலில் பசை இளகிய பிறகும் பிடித்துக்கொண்டிரு என்கிறோம். ஐப்பசி மழையில், லாரி ஏறி இறங்கும் சாலையோரச் சேற்றில் கிட என்கிறோம். தண்ணீர் புகாத பெட்டி, கேபிள் கிளாண்ட், எர்த் கம்பி, உயிர் காக்கும் சுவிட்ச் ஆகிய நாலு பேர் வேலையையும் தனியாளாகப் பார் என்கிறோம். ஒருநாளும் அது மாட்டேன் என்றதில்லை. உள்ளே தண்ணீர் இறங்கிய பிறகும் வெளியே முகம் கோணாமல் இருக்கும். அந்தப் பணிவைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.

மெயினில் இருக்கும் எம்.சி.பி.யும் கடமை தவறாதது. 16 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அதற்குமேல் வயர் வெந்துபோகாமல் காக்கும். காப்பது வயரை. மனிதன் வழியாகக் கசியும் கரண்ட் அதன் கணக்கிலேயே வராது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே இதயத்துக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. அது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு. வேனோ ரப்பர் டயர்மேல் நிற்கிறது. எர்த் இல்லாமல் ஒரு ஜாயிண்ட் கசிந்து தகரத்தைத் தொட்டால், கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாமல் வண்டி உடம்பு முழுக்க நிற்கும். ஈரத் தரையில் செருப்பு நனைந்து நின்றபடி தோசைத் தட்டுக்குக் கை நீட்டுகிறவர்தான் அதற்கு வழி.

2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில், தேங்கிய மழைநீரில் பாய்ந்த மின்சாரம் இரண்டு சிறுமிகளைக் கொன்றது. அதற்குப் பிறகும் மழைக்காலம் தவறாமல் வருகிறது. டேப்பும் தவறாமல் விற்கிறது.

1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த ஊர் இருங்காட்டுக்கோட்டை. ஒரு காரின் பானெட்டுக்குள் இருக்கும் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள்: விரல் நகமளவு இடத்தில், ஒவ்வொரு வயருக்கும் தனியாக ஒரு ரப்பர் சீல். வெறும் 12 வோல்ட்டுக்கு அத்தனை அக்கறை. தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே 230 வோல்ட் எடுக்க மூடி போட்ட நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக். ஐரோப்பாவில் வீட்டு வண்டிகளை நிறுத்தும் முகாம்களிலும் அதே நீலப் பிளக்தான். சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் உயிர் காக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அங்கே கட்டாயம். இரவெல்லாம் காரில் அந்த ரப்பர் சீலை மாட்டிவிட்டு வருகிற தொழிலாளி, மதிலுக்கு வெளியே டேப் சுற்றிய 230 வோல்ட்டின் கீழே நின்று சாப்பிடுகிறார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. ஜாயிண்டே இல்லாத ஒரே நீளமான, ரப்பர் உறை போட்ட மூன்று கோர் கேபிள். எர்த்துக்கான பச்சை வயரை வெட்டி விடாமல் வண்டியின் தகரத்தோடு சேர்க்க வேண்டும். பிளக்கும் சாக்கெட்டும் தரையில் கிடக்கக் கூடாது. பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும்; நுழையும் முன் ஒரு சாண் தாழ்ந்து தொங்கி மேலேறினால் மழைத்துளி அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஓர் ஆர்.சி.சி.பி. வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

மழை நாளில் அது அடிக்கடி விழும். கடை இருட்டாகும், மாவு பாதி அரைபட்டு நிற்கும். "தொல்லை பிடிச்ச சுவிட்சு" என்று திட்டி, கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, இரண்டு வயரையும் நேராக முறுக்கிவிடுகிறார்கள். முறுக்கிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றுகிறார்கள்.