ஓடைக்கு ஓர் எஸ்டிமேட்

கல்வராயன் மலையில் பெருமழை பெய்து ஓய்ந்து, கல்படை, பொட்டியம், பரிகம் முதலிய இடங்களின் ஓடைகளெல்லாம் செம்மண் குழம்பாகக் கோமுகி அணைக்குள் வந்து விழுந்துகொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், கச்சிராயபாளையத்துத் தேநீர்க் கடை பெஞ்சில், பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், அவரிடமே கடைசி வரிசையில் அமர்ந்து கல்வி பயின்று, பிற்காலத்தில் அரசாங்க வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செல்வாக்கடைந்த பிரமுகர் ஒருவரும் சந்தித்தனர். முன்னவருக்கு விதிகள் தெரியும். பின்னவருக்கு விதிவிலக்குகள் தெரியும்.

காண்டிராக்டர்: வாருங்கள் ஐயா, நல்ல சமயத்தில் வந்தீர்கள். மேட்டுத் தெருக் குழாய்களில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்று ஜனங்கள் முறையிடுவதால், புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டும் வேலை எனக்கு வாய்க்கும்போலிருக்கிறது. இப்போதிருப்பதைப்போல் மூன்று மடங்கு அகலம். சிக்கனத்தை உத்தேசித்து உயரத்தில் மட்டும் பாதி. அத்தனை தண்ணீரும் ஒருசேர அழுத்தினால் குழாயில் எப்படிப் பீறிடும் பாருங்கள்!

ஆசிரியர்: பீறிடாது தம்பி. இப்போது சொட்டுவதும் நின்றுபோகும். தொட்டிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று குழாய் விசாரிப்பதில்லை. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்றுதான் அதற்கு வேண்டும். ஏறக்குறைய 2.3 அடி உயரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம். 40 அடிக்கு 17 பவுண்டு. 20 அடிக்கு அதில் பாதி. சமுத்திரத்தையே கொண்டுவந்து அந்த 20 அடியில் நிறுத்தினாலும் கணக்கு மாறாது. பிரான்சு தேசத்துப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதை விளக்கிவிட்டார்.

காண்டிராக்டர்: அகலத்துக்கு மரியாதையே இல்லையா? எங்கள் தொழிலில் அகலத்துக்குத்தானே ஐயா பில்!

ஆசிரியர்: தண்ணீருக்கு எம்-புக் என்னும் அளவுப் புத்தகம் எழுதத் தெரியாதே! நம் கோமுகியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் 46 அடி. ஏறத்தாழ 56 கோடி கன அடி தண்ணீர். அந்த ஆழத்தில் ஒரு துவாரம் இருந்து, உராய்வு என்பதே உலகில் இல்லாமலிருந்தால், அதன் வழியே வினாடிக்கு 54 அடி வேகத்தில் நீர் பாயும். 46 அடி உயரத்திலிருந்து நழுவி விழுகிற கல் தரையைத் தொடும்போது பெறும் வேகமும் அதுவே. 1644-இல் இத்தாலியரான டாரிசெல்லி வெளியிட்ட விதி இது. இதிலும் அந்த 56 கோடி எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? உயரம் மாத்திரமே வருகிறது.

காண்டிராக்டர்: துவாரத்தின் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வெளியேறும் தண்ணீர் அத்தனையும் கணக்கில் வந்துவிடும், அவ்வளவுதானே?

ஆசிரியர்: வராது. கூரிய விளிம்புள்ள துவாரத்தை விட்டு வெளிப்பட்ட தாரையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வாயைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் அது இடுப்பு ஒடுங்கி மெலிந்திருக்கும். நாலா பக்கத்திலிருந்தும் துவாரத்தை நோக்கி ஓடிவந்த நீர் சட்டென்று திரும்ப முடியாமல் உள்நோக்கியே சிறிது தூரம் செல்வதால், துவாரத்தின் பரப்பில் பத்தில் ஆறு பங்குதான் தாரைக்குக் கிடைக்கிறது.

காண்டிராக்டர்: பாக்கி நான்கு பங்கு யாருக்குப் போகிறது?

ஆசிரியர்: யாருக்கும் போவதில்லை.

காண்டிராக்டர்: நாற்பது சதவீதம் குறைகிறது, ஒருவருக்கும் போகவில்லை என்கிறீர்கள். இதை ஆடிட்டில் ஒப்புக்கொள்வார்களா?

(ஆசிரியர் பதில் சொல்லாமல் தேநீரை ஆற்றத் தொடங்கினார். நாற்பது சதவீதம் என்ற எண் காண்டிராக்டர் வாயில் அத்தனை சரளமாக வந்ததை அவரும் கவனித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.)

காண்டிராக்டர்: போகட்டும். என் மனத்தை உறுத்தும் விஷயம் வேறு. ஓடைப் புறம்போக்கில் நான் கட்டியிருக்கும் கடை வரிசையைப் பற்றி, ஓடையின் அகலம் பாதியாகிவிட்டதென்று சிலர் அதிகாரிகளுக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் தாங்கள் வகுப்பில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அகலம் குறைந்தால் வேகம் கூடும். ஆகையால், பாதி அகலத்தில் இருமடங்கு வேகத்தோடு வெள்ளம் ஊரை விட்டு விரைவாக வெளியேற வழிசெய்திருக்கும் என் காரியம், ஆக்கிரமிப்பு ஆகாது, பரோபகாரம்தான் என்று வாதிக்கப்போகிறேன்.

ஆசிரியர்: சூத்திரத்தில் பாதியைப் படித்தவர்களால் ஊர்களுக்கு நேர்ந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. இப்படி வாருங்கள்.

(கடைக்காரரின் தண்ணீர் டிரம்மில் இருந்த குழாயை ஆசிரியர் லேசாகத் திருகினார். வாயில் விரல் தடிமனாக இருந்த நீர், கீழே இறங்க இறங்க மெலிந்து, வாளியை எட்டுமுன் பென்சில் அளவாயிற்று.)

ஆசிரியர்: ஒவ்வொரு மட்டத்தையும் கடக்கும் நீரின் அளவு ஒன்றே, கீழே வேகம் கூடுவதால் பருமன் குறைகிறது. 1628-இல் காஸ்டெல்லி என்ற இத்தாலியத் துறவி ஆற்று நீரை அளப்பதைப் பற்றி எழுதிய நூலில் ஸ்தாபித்த தத்துவம் இது. நீங்கள் சொல்லும் பாதி இதுதான். மறு பாதி என்னவென்றால், அந்த வேகத்தை இந்த நீருக்குக் கொடுத்தது எது?

காண்டிராக்டர்: விழுந்த உயரம்.

ஆசிரியர்: பேஷ்! அங்கே ஓடையில் அந்த உயரத்தை யார் கொடுப்பார்? வினாடிக்கு 6 அடி ஓடும் நீரின் வேகத்துக்கு விலை 7 அங்குல உயரம். 12 அடி ஓட வேண்டுமானால் விலை 14 அங்குலம் அன்று, 27 அங்குலம். வேகம் இரட்டித்தால் விலை நான்கு மடங்கு. உங்கள் கடைகளின் நடுவே ஆழம் மாறாமல் வெள்ளம் இருமடங்கு வேகத்தில் பாய வேண்டுமென்றால், பாக்கி 20 அங்குலத்தைச் சம்பாதிப்பதற்காக அது கடைகளுக்கு முன்னாலேயே தேங்கி எழும்பும். அந்த இடத்தில்தான் மேட்டுத் தெருவுக்குப் போகும் வழியும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. ஓடை உங்களுக்குக் கொடுத்த இடத்தை அங்கே வசூலித்துக்கொள்கிறது.

காண்டிராக்டர்: கடைகளுக்கு ஆபத்தில்லையே? அஸ்திவாரம் கருங்கல்.

ஆசிரியர்: ஓடும் நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாவது அடுக்காக உயரும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. வேகம் இரட்டித்தால் எடை 64 மடங்கு. வெயில் காலத்தில் வெள்ளிமலைப் பக்கத்து ஓடைகளில், ஆள் உயரப் பாறைகள் நட்டநடுவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை யாரும் லாரியில் கொண்டுவந்து இறக்கவில்லை.

(காண்டிராக்டர் சற்று நேரம் பேசவில்லை. அவர் வருத்தத்தில் ஆழ்ந்திருப்பதாக நினைத்த ஆசிரியர், ஆறுதலாகச் சரித்திரம் சொல்லத் தொடங்கியதுதான் வினையாயிற்று.)

ஆசிரியர்: உயரம், அழுத்தம், வேகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் இந்த வரவு செலவைத் தானியேல் பெர்னூலி என்ற மேதை 1738-இல் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய தகப்பனார் யோகானும் பெரிய கணித வித்துவான்தான். ஆயினும் மகன் கீர்த்தியைப் பொறாமல், அதே விஷயத்தைப் பற்றித் தாம் 1743-இல் வெளியிட்ட நூலுக்கு 1732 என்று தேதி போட்டுவிட்டார்.

காண்டிராக்டர்: முன்தேதியா! ஐயா, இத்தனை காலமாக இந்தச் சாஸ்திரம் எனக்கு அந்நியமானது என்று நினைத்து ஏமாந்துவிட்டேனே! மேலே சொல்லுங்கள்.

ஆசிரியர்: பெர்னூலியின் கணக்கில் உராய்வு சேராது. பசைமையையும் சேர்த்து எழுதிய சமன்பாடுகளை 1822-இல் நேவியரும், 1845-இல் ஸ்டோக்ஸும் தந்தனர். இங்கே சர்க்கரை ஆலையில் மொலாசஸ் குழாய்க்குள் அடக்கமாக, அடுக்கடுக்காக நகர்கிறது. மலையோடையோ சுழித்துக் கொந்தளிக்கிறது. எது எப்போது அடங்கும், எப்போது கொந்தளிக்கும் என்பதைக் கண்ணாடிக் குழாயில் சாய நீரை இழையாக விட்டு 1883-இல் ரெய்னால்ட்ஸ் காட்டினார். அப்படியும் அந்தச் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான விடை உண்டா என்பது நிரூபணமாகவில்லை. நிரூபிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக 2000-இல் கிளே கணித நிறுவனம் அறிவித்திருக்கிறது.

காண்டிராக்டர்: பத்து லட்சம் டாலரா? டெண்டருக்குக் கடைசித் தேதி எது?

ஆசிரியர்: டெண்டர் இல்லை தம்பி, நிரூபணம்.

காண்டிராக்டர்: ஓ, அதுவா! அப்படியானால் நம் காரியத்துக்கு வருவோம். தொட்டியை உயர்த்தியே கட்டுகிறேன்; உயரத்துக்கும் பில் போடலாம் என்று இப்போதுதான் புரிகிறது. கடை வரிசைக்கு மாத்திரம், 'ஓடையின் வேகத்தை அபிவிருத்தி செய்ய மேற்கொண்ட ஏற்பாடு' என்று ஓர் எஸ்டிமேட் தயாரித்து, 'சரிபார்த்தேன்' என்று நிபுணர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் மனுக்காரர்களின் வாய் அடங்கிவிடும். அந்தப் பெர்னூலியே போட்டால் விசேஷம்.

ஆசிரியர்: எந்தப் பெர்னூலி? தானியேல் 1782-இலேயே காலமாகிவிட்டார். தகப்பனார் அவருக்கும் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்.

காண்டிராக்டர்: அதனாலென்ன ஐயா? நம் மஸ்டர் ரோலில் காலமானவர்கள் வாராவாரம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்! தகப்பனாரே போடட்டும். தேதி போடுவதில் அவர் கைதேர்ந்தவர்.