அடுத்த தெரு அறைக்காரர்

அடுத்த தெருவில் இன்னும் நல்ல அறை இருக்கும் என்று தேடி அலைகிற இவரை எந்தச் சுற்றுலா ஊரிலும் பார்க்கலாம். ஆனால் இவர் திறமை முழுதாக வெளிப்பட, குவாத்தமாலா நாட்டின் ஆன்டிகுவா மாதிரி ஓர் ஊர் வேண்டும்.

நிபந்தனைகள் அதிகமில்லை. ஜன்னலில் எரிமலை தெரிய வேண்டும். அது புகைய வேண்டும். புகை இவர் பக்கம் வரக் கூடாது. ஸ்பானியர் காலத்து வீடு வேண்டும். குளியலறை மட்டும் போன மாதம் கட்டியதாக இருக்க வேண்டும். வாடகையும் ஸ்பானியர் காலத்ததாக இருந்தால் உத்தமம்.

முதல் விடுதியில் முற்றமும் நீரூற்றும் இருந்தன, எரிமலை இல்லை. பூகம்ப பூமியில் வீடுகள் குட்டையாகத்தான் இருக்கும். "மொட்டைமாடிக்குப் போங்க சார்" என்றார்கள். ஏறினார். தெற்கே 3,760 மீட்டர் உயரத்தில் ஆகுவா நின்றது.

"இது புகையலையே?"

"இது தூங்குது. புகையுறது ஃபுவேகோ, அதோ, அந்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கமே பார்த்துக்கறேன்."

அடுத்தது சாந்தா கதலீனா வளைவின் அருகே. மடத்துக் கன்னியர் யார் கண்ணிலும் படாமல் தெருவைக் கடக்கக் கட்டியது அது. "கன்னியரே இறங்காத தெருவில் நான் எப்படித் தூங்குவது?" என்று கிளம்பிவிட்டார். சந்தைப் பக்கம் வாடகை மலிவுதான். ஆனால் வர்ணம் அடித்த பேருந்துகளில் தொங்கிக்கொண்டு "குவாத்தே, குவாத்தே!" என்று தலைநகருக்கு ஆள் கூவுகிறார்களே!

மாலைக்குள், கல் பாவிய தெருக்களில் கடகடக்கும் பெட்டிச் சத்தத்தை வைத்தே ஊர் இவரை அடையாளம் கண்டது. மறுநாள் சக்கரம் ஒன்று கழன்றது.

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்தத் தலைநகரமே இடம் பிடிக்காமல் அலைந்ததுதான். 1524-இல் இஷிம்சேயில் இருந்தது. 1527-இல் ஆகுவா மலையடிவாரத்துக்குக் குடிபோனது. 1541-இல் மலையிலிருந்து சேறும் வெள்ளமும் இறங்கி அடித்துப்போட, 1543-இல் இங்கே வந்தது. 1773-இல் பூகம்பம். 'இந்தப் பள்ளத்தாக்கே வேண்டாம்' என்று 1776-இல் இப்போதைய குவாத்தமாலா நகரத்துக்குப் போனார்கள். 1917-இல் பூகம்பம் அங்கேயும் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது.

போக மறுத்துச் சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களால்தான் ஊர் பிழைத்தது. 1979-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது.

ஆகவே, முதல் விடுதியிலேயே பெட்டியை இறக்கிவிடுங்கள். எரிமலை தெருவில் நின்றாலே தெரிகிறது. அதற்கு வாடகை கிடையாது.