ஏறி இறங்கும் எஞ்சின்: மீரியபெத்த வட்டாரத்து மூன்று கட்சிகள் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கொஸ்லாந்தை, மீரியபெத்த, பூனாகலைப் பக்கத்து மரக்கறிப் பாத்திகளில் ஓடும் பழைய தண்ணி மெசின்களுக்கு ஒரு நோய் உண்டு. வேகம் விர்ரென்று ஏறும், உம்மென்று இறங்கும், மறுபடி ஏறும். பாரம் கூடினால் அடங்கிவிடும். காமன் கூத்து இரவில், நாலு பல்பு மட்டும் எரிக்கும் ஜெனரேட்டருக்கு இது வந்தால், ரதியும் மன்மதனும் பல்போடு சேர்ந்து மங்கி மங்கித் துலங்குவார்கள்.

2. முந்தைய ஆய்வுகள்

துறை புதிதன்று. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டது 1867இல். மறு வருடமே இயற்பியலாளர் மாக்ஸ்வெல், எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் உறுப்பான கவர்னர் எப்போது நிலைகொள்ளும், எப்போது ஆடும் என்று கணக்குப் போட்டு லண்டன் ரோயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். தேயிலை மலை முழுக்கப் பரவியது, கட்டுரை பரவவில்லை. ஆகவே உள்ளூர் அறிஞர்கள் கட்சி கட்டினர்.

3. கட்சிகள்

(அ) ஸ்பிரிங் கட்சி. கண்ணுக்குத் தெரிய ஆடுவது கவர்னர் கம்பி. ஆகவே குற்றவாளி கவர்னரே என்பது வாதம். வைத்தியம், ஸ்பிரிங்கை இன்னும் இழுத்து மாட்டுவது. ஸ்பிரிங் திரொட்டிலைத் திறக்கப் பார்க்கும். உள்ளே சுழலும் எடைகள் மூடப் பார்க்கும். ஸ்பிரிங் மிஞ்சினால் வேகம் எல்லை மீறி, கனெக்டிங் ரொட்டே உடையலாம். அதன்பின் எஞ்சின் ஏறி இறங்குவதில்லை என்பதைக் கட்சி தன் சான்றாகக் காட்டும்.

(ஆ) உயரக் கட்சி. அடிவாரத்து வெல்லவாயவில் செட் பண்ணிய எஞ்சினுக்கு, சுமார் 1,400 மீற்றர் உயர ஹப்புத்தளையில் காற்றுப் போதாது என்பர். உண்மைதான். ஆனால் காற்று மெலிந்தால் கலவையில் பெற்றோல் மிஞ்சும். பிளக் கறுத்து, கரும்புகை வரும். நம் நோயாளியின் பிளக்கோ வெளுத்திருக்கிறது.

(இ) ஜெட் கட்சி. சிறுபான்மையினர். மாதக்கணக்கில் காபரேட்டர் கிண்ணத்தில் கிடந்த பெற்றோல் பிசினாகி, மயிரிழைத் துளையுள்ள பைலட் ஜெட்டை அடைக்கிறது. பாரமின்றி ஓடும்போது பெற்றோல் பெரும்பாலும் அவ்வழியே வரவேண்டும். வராததால் வேகம் விழும்; கவர்னர் திரொட்டிலைத் திறக்கும்; மெயின் ஜெட் ஊட்டும்; வேகம் பாயும்; கவர்னர் மூடும்; மறுபடி பட்டினி. கொழுந்து குறைந்தால் துரையிடமும், விரட்டினால் ஆட்களிடமும் பேச்சு வாங்கும் கங்காணியின் நிலைதான் கவர்னருக்கு.

4. சோதனையும் சிகிச்சையும்

சோக்கைக் கொஞ்சம் மூடுக. ஆட்டம் நின்றால் காரணம் பெற்றோல் பஞ்சம்; அல்லது கேஸ்கட் ஓரம் காற்று இழுக்கிறது. அடுத்து, திரொட்டில் கம்பியைக் கையால் அசையாமல் பிடிக்க. அப்போதும் எஞ்சின் தடுமாறினால் கவர்னர் நிரபராதி.

ஜெட்டைக் கழற்றி, மெல்லிய செப்புக் கம்பி இழை ஒன்றால் அடைப்பெடுத்து ஊதுக. சட்டை ஊசி கூடாது: துளை பெருத்தால் கரும்புகை கிளம்பும், உயரக் கட்சி ஆட்சிக்கு வந்துவிடும்.

5. முடிவு

ஜெட் சுத்தமாகி எஞ்சின் சீராக ஓடினாலும் தர்க்கம் ஓயாது. இடையில் யாராவது ஸ்பிரிங்கைத் தொட்டிருந்தால், குணமானது அதனால்தான் என்பர். எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தொட வேண்டும். மற்றக் கட்சிக்காரரின் கையில் அதுவரை டீக் கோப்பையைக் கொடுத்து வைக்க வேண்டும்.