ஹார்வர்டுக்கு வந்தது கருப்பூருக்கும் வரட்டும்

கேள்வி: அமெரிக்காவில் தமிழ் படிக்க நம் வரிப்பணம் எதற்கு?
(ராசிபுரம் வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கைக்கு, அதாவது நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு, தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். ஜானகிராமன், சம்பந்தம் என்ற இரு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். 2017-இல் தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது. அப்போதைய முதல்வர் உங்கள் பக்கத்து எடப்பாடிக்காரர். மறு ஆண்டே இலக்கு எட்டியது.

அந்தப் பணம் கரைந்துபோகாது. முதல் அப்படியே நிற்கும். அதன் வருமானத்தில் பேராசிரியருக்குச் சம்பளம். வருஷா வருஷம் யாரிடமும் கையேந்த வேண்டாம். ஆகவே அது வீண்செலவு அல்ல.

ஆனால், ராசிபுரத்துப் பிள்ளைக்கு ஹார்வர்டு விமான தூரம். சேலத்துக் கருப்பூர் பஸ் தூரம். அங்கே 1997-இல் பிறந்த பெரியார் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறைக்கும் இப்படியொரு நிரந்தர வைப்புநிதி வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.விடம் பட்ஜெட்டுக்கு முன்பே கேளுங்கள்.