எத்தனை ஊருக்குக் கேக்கும்?

சத்தம் போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று எதற்குச் செட் பேச வந்தாலும் வருகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஊருக்குக் கேக்கும்?" பாட்டு தெளிவாகக் கேட்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்பாவும் அதைப் பற்றி வாக்குக் கொடுத்ததில்லை.

என் மாப்பிள்ளை கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோவில் இருக்கிறார். பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீட்டு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். ஆர்.வி. என்கிறார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. பக்கவாட்டில் சுருட்டி விரிக்கிற பந்தல். பந்தலுக்கு நேராக வெளிச்சுவரில் இரண்டு ஸ்பீக்கர். வண்டியோடு வந்த அந்த ஸ்பீக்கரில் எஸ்.பி.பி.க்கே ஜலதோஷம் பிடித்திருந்தது. "இதை மாத்தாம இந்த சம்மருக்குக் கிளம்ப முடியாது, மாமா" என்றார். டார்ச் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. பரம்பரைத் தொழில்.

அப்பா குழாய் ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு புளியமரத்தில் ஏறுவார். உசரக் கிளையில் கயிற்றால் இறுக்கிக் கட்டி வயரைக் கீழே இறக்கிவிட்டால் முடிந்தது. மழைக்குப் பயமில்லை. குழாயின் தொண்டை உள்ளுக்குள்ளேயே மடிந்து திரும்புவதால் உள்ளே சத்தம் போடும் யூனிட்டைத் தண்ணீர் எட்டாது. குளவி எட்டும், அது வேறு கதை. வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் நேரம் போகும். ஒன்று ஊரைப் பார்த்து. இன்னொன்று, பத்திரிகை வைத்தும் வராமல் முறுக்கிக்கொண்டிருக்கும் தாய்மாமன் வீட்டைப் பார்த்து. அதற்கென்றே மேற்கொண்டு காசு கொடுத்தவர்கள் உண்டு. முதல் இசைத்தட்டு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. அடுத்ததிலிருந்து மாமனுக்கு.

மாப்பிள்ளையின் பாடு வேறு. பழைய ஸ்பீக்கரைக் கழற்றிய ஓட்டைக்குள் ஸ்கேலை விட்டு அளந்தார். அந்தச் சுவரின் மொத்தக் கனமே இரண்டு அங்குலத்துக்குள்தான்: வெளியே ஃபைபர்கிளாஸ் தகடு, நடுவில் ஃபோம், உள்ளே மெல்லிய பிளைவுட். நல்ல ஸ்பீக்கர் என்றால் காந்தம் பெரிது. பெரிய காந்தம் என்றால் கட்டில் பக்கம் தலையை நீட்டும். ஆகவே படகுகளுக்கென்று செய்யப்படும் 6.5 அங்குல ஸ்பீக்கரில் ஆழம் குறைந்ததாக ஒரு ஜோடி தேடிப் பிடித்தார். கூம்பு காகிதமில்லை, பாலிபுரொப்பிலீன். வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்குமாம். ஸ்பீக்கரை மாட்டியதைவிட அதன் விளிம்பைச் சுற்றிப் பியூட்டைல் டேப் ஒட்டியதுதான் பெரிய வேலை. "தண்ணி இறங்கிட்டா தகடு ஃபோமை விட்டுப் பிரிஞ்சு சுவரே உப்பிக்கும், மாமா. அப்புறம் வண்டி வெலைக்குப் போகாது."

அட்டைப்பெட்டியில் 200 வாட் என்று பெரிதாகவும் 60 வாட் என்று பொடியாகவும் போட்டிருந்தது. இந்த மாதிரி விஷயங்களில் பொடி எழுத்தைத்தான் நம்ப வேண்டும். வண்டியின் ஸ்டீரியோவும் சேனலுக்கு 50 வாட் என்று சொல்லிக்கொள்கிறது. நின்று கொடுப்பது இருபதைத் தாண்டாது. அதனால் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவில் ஃபியூஸ். 12 வோல்ட் பேட்டரி. கரண்ட் வராத ஊர்க் கொடைக்கு அப்பா சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போனதும் அதே 12 வோல்ட்தான்.

அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் 40 வாட். அதிலேயே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. காரணம் குழாய். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபலுக்குக் கத்தும். மாப்பிள்ளையின் ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 90ஐத் தொடவே மூச்சு வாங்கும். அந்த 15 டெசிபலை வாட்டால் ஈடுகட்ட வேண்டுமானால் முப்பது மடங்குக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னேன். "ஆனா அதுல பேஸ் வராதே, மாமா" என்றார். வராதுதான். இளையராஜா பாட்டுக்குள் பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே டேப்ரிக்கார்டர் வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குத் தெரியும். அதுவரை யாரும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

எல்லாம் முடிந்து யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போனோம். மாப்பிள்ளை பந்தலை விரித்தார், பாட்டைப் போட்டார், கைபேசியில் டெசிபல் அளக்கும் செயலியைத் திறந்துகொண்டு எட்டு வைத்து நடக்க ஆரம்பித்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடி தள்ளி 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதற்குள் அடங்கினாலும் அக்கம்பக்கத்துக்கு இடைஞ்சல் என்றால் தப்புதான். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். ஐம்பது அடி ஆவதற்குள் அடுத்தவர் கூடாரம் வந்துவிட்டது. திரும்பி வந்து குறைத்தார். மறுபடி நடந்தார், மறுபடி குறைத்தார். பாட்டை இவ்வளவு சுத்தமாகக் குறைப்பதற்குத்தான் அத்தனை வாட் தேவைப்பட்டிருக்கிறது.

நம் ஊரை இளப்பமாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் நமக்கும் அதே இரவு 10, அதே காலை 6. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. காகிதத்தில் நாம்தான் கறார். திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்திக்கொள்ளலாம். எங்கள் ஊர் அம்மன் எந்த நாளையும் அந்தப் பதினைந்தில் சேர்த்துக்கொள்வாள்.

"பேஸ் எப்படி, மாமா?" என்றார் மாப்பிள்ளை. அருமையாக இருந்தது. ஸ்பீக்கருக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்டது. மகள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து வண்டியிலிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். மாப்பிள்ளையின் விரல் அவசரமாகக் கைபேசிக்குப் போய் இன்னும் கொஞ்சம் குறைத்தது. வந்தவர் கேட்டது ஸ்பீக்கரைச் சுற்றி ஒட்டிய டேப்பைப் பற்றி. அவருடைய வண்டிச் சுவர் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு வருகிறதாம். இரண்டு பேரும் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டி, நீர்க்கசிவைப் பற்றிப் பத்து மணி வரை பேசினார்கள். மணி ஆனதும் மாப்பிள்ளை பேச்சை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பாட்டை அணைத்தார்.

"ஓ, பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, டேப்பின் அகலத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார் அவர்.